தென்மேற்குச் சுவர்

மே 4

சாளையை அளந்து முடித்தோம். தோட்டத்தின் நடுவே தனியாக நிற்கும் ஓட்டுக் கொட்டகைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். பூபதியின் அப்பா இருந்தவரை ஒரு பாதியில் மாடுகள், மறுபாதியில் சோளத்தட்டு, உரமூட்டை, மருந்து. அவர் தை மாதம் இறந்தார். மாடுகளை விற்றாயிற்று. இப்போது உள்ளே வௌவால் மட்டும்.

கருங்கல் அடித்தளம், மண் சுவர், பனங்கை, நாட்டு ஓடு. சிமெண்ட் தொடாத கட்டடம். இதை வீடாக்கப்போகிறோம். ஏசி இல்லாமல், வெளியிலிருந்து முடிந்தவரை எதுவும் வாங்காமல்.

ஆவணியில் குடிபுக வேண்டும். அதற்குள் எதுவும் சரியாகாவிட்டால் நான் சென்னைக்குத் திரும்பிவிடுவேன் என்று பிப்ரவரியில் ஒருமுறை சொன்னேன். வீட்டைப் பற்றி அல்ல, எங்களைப் பற்றி. கோபத்தில் சொன்னது. பூபதி "சரி" என்றான், கோபமே இல்லாமல்.

அந்தச் "சரி"யின் மேல்தான் கட்டுகிறோம்.


மே 9

ஓடு இறக்கினார்கள். உடையாதவற்றைத் தனியாக அடுக்கினேன். உடைந்தவற்றை இடித்துச் சுண்ணாம்பில் கலக்கலாம்.

பூபதி ஒரு விதி வைத்திருக்கிறான்: இங்கிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. ஆணி, மண், மாடு கட்டிய முளைக்குச்சி, எதுவும். நான் கட்டடக்கலைக் கல்லூரியில் இரண்டு வருடம் கத்திக் கற்பித்ததை அவன் ஒரே மூச்சில் சொன்னான். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் ஆச்சரியமாகவும்.

பக்கத்து மோட்டார் அறையில் தங்கியிருக்கிறோம். ஊருக்குள் பூபதியின் அம்மா, என் அத்தை, இருக்கும் வீட்டில் மூன்று அறைகள் காலியாக இருக்கின்றன. அங்கே அவன் வரமாட்டேன் என்கிறான்.

அத்தை மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருகிறார். வேலியில் ஆள் நுழையும் கடவு வரைக்கும். அங்கே ஒரு கல் மேல் வைத்துவிட்டு, "அம்மிணி, போசி வெச்சிருக்கறேன்" என்று ஒரு குரல். நான் போவதற்குள் திரும்பி நடந்திருப்பார்.


மே 10

கொள்ளுப் பருப்பு. நன்றாக இருந்தது. பூபதி சாப்பிடவில்லை.


மே 17

உள்தூண்களைக் கழுவினேன். வேப்பமரம், அரிக்கவே இல்லை. கடைசித் தூணில், நான் தரையில் உட்கார்ந்தால் கண் போகும் உயரத்தில், ஒட்டுப்பொட்டுகள். அரக்கு நிறம். தூசிக்கு அடியில், வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்று. தூங்கப்போகுமுன் எடுத்து ஒட்டிவைப்போமே, அப்படி.

மாட்டுக் கொட்டகையில்.

வேலைக்கு வந்த பெண்கள் யாராவது மத்தியானம் படுத்திருக்கலாம். மத்தியானம் தூங்க யாரும் பொட்டை எடுப்பதில்லைதான்.

பூபதி பார்த்தான். "அந்தத் தூணைத் தேய்க்காதே, நிவி" என்றான். அன்று அவ்வளவுதான் பேசினான்.


மே 26

காற்று தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. புரட்டாசி வரை ஓயாது என்கிறார்கள். சுற்றிலும் நிற்கும் காற்றாலைகள் எல்லாம் ஒரே திசைக்கு முகம் திருப்பிவிட்டன. அந்தத் திசையில் நம் சாளைக்குச் சுவர் மட்டுமே இருக்கிறது, ஒரு துவாரம்கூட இல்லை.

ஆனால் இருந்திருக்கிறது. இன்று பழைய பூச்சை உதிர்த்தபோது தென்மேற்குச் சுவரில், மண்ணுக்கு நடுவே, செங்கல் வைத்து அடைத்த ஒரு பகுதி தெரிந்தது. தரையிலிருந்து தொடங்குகிறது. ஜன்னலென்றால் தரையிலிருந்து தொடங்காது. கதவென்றால் நிலை இருந்த தடம் வேண்டும். ஒரு ஆள் குனிந்து போகலாம். அவசரமாக உடைத்து, அதைவிட அவசரமாக அடைத்ததுபோல் கற்கள் கோணல்மாணல். சாணம் தள்ளும் வழியாக இருக்கலாம்.

இதைத் திறந்தால் காற்று நேராக உள்ளே வந்து கிழக்கு வாசல் வழியாக வெளியே போகும். விசிறியே வேண்டாம். வரைந்து காட்டினேன்.

மேஸ்திரி பொங்கியண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "காத்து வேணும்னா ஃபேன் போடுங்கொ அம்மிணி. கரண்டுக்கு என்ன பஞ்சம்? இத்தனை காத்தாடி நம்மூர்லதானே சுத்துது."

"ஃபேன் இல்லாத வீடுங்ணா இது."

"அப்பக் கெழக்கால நாலு ஜன்னல் வெச்சுக்கலாம். கூலியே வேண்டாம். என்ற மச்சான் வீட்டுக்குச் செஞ்ச மாதிரி செஞ்சு தர்றேன்."

"கிழக்கே காத்து இல்லையே."

"இல்லாட்டிப் போச்சாது. காத்து இல்லாம ஆராச்சும் செத்தாங்களா?"

அவருடன் வந்த சித்தாள் பெண் சட்டென்று மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பொங்கியண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இதை ஏன் எடுக்கக்கூடாது, அதைச் சொல்லுங்க."

அவர் பூபதியைப் பார்த்தார். "தம்பி, நீயாச்சும் அம்மிணிக்குச் சொல்லு."

பூபதி என் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல யோசனைதான். எடுத்தரலாங்ணா."

"என்ற கையால முடியாது தம்பி."

"சரிங்ணா."

அதே "சரி".


மே 27

பூபதியே கடப்பாரை எடுத்தான். செங்கல்லுக்கு ஒன்றும் ஆகாமல், ஒவ்வொன்றாக. இவ்வளவு பொறுமையாக அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. கடைசிக் கல் வந்ததும் காற்று உள்ளே புகுந்தது. தரையில் இருந்த தூசி மொத்தமும் எழுந்து வாசல் வழியாகப் போனது.

நான் நினைத்ததுபோலவே நடந்தது. கணக்கு சரி.


மே 28

வேலைக்கு யாரும் வரவில்லை.

தேநீர் போட்டேன். திறப்புக்கு எதிரே உட்கார்ந்து குடித்தோம். "அடைப்புன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. சொன்னான். சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அடைப்பு. உடலை வாசல் வழியாக எடுக்கக்கூடாது. சுவரை உடைத்து, அந்த வழியாக எடுத்துப்போய், உடனே அடைத்துவிட வேண்டும். இறந்தவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். திரும்பி வந்தால் சுவர் இருக்கும். வாசலை அவருக்குத் தெரியாது. பிறகு ஆறு மாதம் அந்த இடத்தைப் பூட்டிவைப்பார்கள்.

அவன் அக்கா சாந்தாமணி. அத்தை வீட்டுக் கூடத்தில் அவளுடைய புகைப்படத்தைப் பார்த்திருக்கிறேன். இரட்டைச் சடை. பத்தொன்பது வயதில் வயிற்றுவலியில் இறந்தாள் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தான்.

"வீட்ல இறந்ததா சொன்னே."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஏழாவது படிச்சிட்டிருந்தேன். ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. மாடுகளை வெளிய வேப்பமரத்துல கட்டியிருந்தாங்க. இந்தச் சுவத்துல மட்டும் ஈரம் காயல."

"என்ன வயித்துவலி அது?"

"அதைத்தான் கேக்கறேன்."

யாரைக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. தேநீர் ஆறிவிட்டது.

ஆக, தெரிந்துதான் திறந்திருக்கிறான். இதை நான் முதல் நாளே கேட்டிருக்கலாம். அவன் என் வரைபடத்தைப் பார்த்தபோது சந்தோஷப்பட்டதாக எனக்குத் தோன்றியது. அதுவும் சரிதான்.


ஜூன் 2

கடவில் போசி இல்லை. ஒரு வாரமாக இல்லை.


ஜூன் 14

ஒட்டன்சத்திரத்திலிருந்து புதிய ஆட்கள் கிடைத்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. சுண்ணாம்பு ஊறிவிட்டது. கடுக்காயும் வெல்லமும் போட்ட தண்ணீர் புளித்து, சாளை முழுவதும் கள் வாசனை. மேலே ஓடு ஏறிவிட்டது. மழைநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியாயிற்று. நன்றாகப் போகிறது.

பூபதியும் நன்றாக இருக்கிறான். சாப்பிடுகிறான். நேற்று நான் தொட்டிக் குழியில் நின்றபோது உள்ளே அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. சென்னையில் அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன். ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. ஆட்களோடு பேசிச் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.


ஜூன் 21

பூச்சு மூன்று சுவர்களில் காய்ந்துவிட்டது. தென்மேற்குச் சுவரில், திறப்பைச் சுற்றி மட்டும் ஈரம். காற்று நேராக அடிக்கும் சுவர் முதலில் காய வேண்டும். உரமூட்டை இருந்த இடம். மண்ணில் உப்பு ஏறியிருக்கும், உப்பு ஈரத்தை இழுக்கும். புத்தகத்தில் இருக்கிறது.

கை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி. எடுக்க மனமில்லை.


ஜூலை 3

திறப்புக்கு மரக்கதவு போடலாம் என்றேன். மழை வந்தால் என்ன செய்வது?

"வேண்டாம்."

"பாம்பு வரும், பூபதி."

"வரட்டும்."

"நாம இருக்கப்போற வீடு இது."

"ஆமா."

"நாமன்னா யாரு?"

மண் குழைத்த கையோடு எழுந்துபோய்த் திறப்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். எனக்கு முதுகு காட்டி. கொஞ்ச நேரம் கழித்துத் தோள் அசைந்தது. ஏதோ சொல்கிறான். இடையில் நிறுத்துகிறான், பதில் கேட்பவன்போல. பிறகு தொடர்கிறான்.

இத்தனை நாள் அவன் பேசத் தொடங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.


ஜூலை 12

ஊருக்குள் போய் அத்தையைப் பார்த்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காப்பி போட்டுத் தந்தார். எதிரே அந்தப் புகைப்படம்.

"வீடு முடியப்போகுது அத்தை. நீங்க வந்து பார்க்கவே இல்லை."

"கால் வலி அம்மிணி."

"கடவு வரைக்கும் வந்தீங்களே."

"கடவு வரைக்கும் வலிக்காது."

சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். கீரைக்குத் திரும்பினார்.

"சாப்படறானா?"

"சாப்பிடறார்."

"பேசறானா?"

"பேசறார்."

"உங்கிட்டயா?"

காப்பியைக் குடித்தேன். ரொம்பச் சூடு. குடித்துக்கொண்டே இருந்தேன்.

அத்தை குரலைத் தாழ்த்தினார், பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல். "அவ என்ன சொல்றா?"

"அப்படியெல்லாம் எதுவும் இல்லை அத்தை."

"ரெண்டு கல்லு வெச்சு அடைச்சுரு கண்ணு. உனக்குக் கோடி புண்ணியம். நான் போன பொறவு தொறந்துக்குங்கொ. அப்ப நானும் அங்கதானே இருப்பேன், பேசிக்கறேன்."

"அவருக்கு வேண்டியது ஒண்ணுதான். அக்கா எப்படி இறந்தாங்கன்னு நீங்க சொல்லிட்டா அவரே அடைச்சிடுவார்."

அவன் அப்படிச் சொன்னதே இல்லை. நானாகச் சொன்னேன். சொல்லும்போதே உண்மைபோல் இருந்தது.

"அவங்கப்பன் சாகற வரைக்கும் என்ற வாயைத் தொறக்க உடுல" என்றார் அத்தை. "இப்பத் தொறந்தா எனக்கே வர மாட்டீங்குது."


ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. நின்றால் சேலை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் காற்று. ஓட்டுக்கு அடியில் ஒரு விசில், இறங்கி ஏறுகிறது. ஓடுகளின் இடுக்கு. நாட்டு ஓடு என்றால் அப்படித்தான்.

பூபதி தோட்டத்தின் கோடிக்குப் போயிருந்தபோது அந்தச் சுவருக்கு இரண்டாவது பூச்சு நானே பூசினேன். ஈரத்தின் மேல் பூசக்கூடாது. பூசினேன். பூசிக்கொண்டே கொஞ்சம் பேசினேன். தனியாக வேலை செய்யும்போது எல்லாரும் பேசுவதுதான். அவன் எனக்கு வேண்டும் என்று சொன்னேன். கேட்பதுபோல் இல்லை, பங்குபோட வேண்டிய ஒன்றைப் பற்றி இன்னொரு பெண்ணிடம் பேசுவதுபோல்.

விசில் நின்றது. பிறகு தொடர்ந்தது. காற்று அப்படித்தான் விட்டுவிட்டு அடிக்கும்.


ஜூலை 30

வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. தோழி ஒருத்தி சென்னையிலிருந்து பேசினாள். அவள் அலுவலகத்தில் ஆள் வேண்டுமாம். ஆவணியில் சொல்கிறேன் என்றேன்.


ஆகஸ்ட் 8

பூபதி சோலார் பேட்டரி வாங்கத் தாராபுரம் போயிருந்தான். பத்து மணி வெயில். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அத்தை கடவைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார். கையில் போசி இல்லை. தலைக்குக் குளித்திருந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாக உள்ளே போனார். சுவரைத் தொட்டார். "சில்லுனு இருக்குதே."

"சுண்ணாம்புப் பூச்சு அத்தை."

"நல்லாப் பண்ணியிருக்கறே." சுற்றிலும் பார்த்தார். கடைசித் தூணுக்குப் போய், பார்த்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு திறப்புக்குப் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்குவதற்கு வெகுநேரம் ஆனது.

"அவர் வர மத்தியானம் ஆகும். இருங்க அத்தை, மோர் கொண்டு வர்றேன்."

"அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது அம்மிணி. அதான் அவன் இல்லாதப்ப வந்தேன். அவகிட்டச் சொல்லிப் போடறேன். நீ கேட்டு அவனுக்குச் சொல்லு." மூச்சு வாங்கினார். "ஒரு ஒத்தாசை பண்ணு. வெளிய போயித் தாப்பாளைப் போடு."

"எதுக்கு அத்தை?"

"போடு கண்ணு. அப்பத்தான் எனக்கு வாய் வரும்."

வெளியே வந்தேன். பழைய கதவையே இழைத்து மாட்டியிருந்தோம், பழைய இரும்புத் தாழ்ப்பாளோடு. நேற்றுத்தான் எண்ணெய் விட்டிருந்தேன். விரல் பட்டதும் நழுவி விழுந்தது. ஒருவரை உள்ளே வைத்துத் தாழிடுவது இவ்வளவு இலேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கதவில் காதை வைத்தேன்.

"இப்படித்தான் போட்டேன் சாந்தா" என்றார் அத்தை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசும் குரல். "உன்னைய அடைக்கோணும்னு இல்ல சாமி. அடைச்சது அவருதான், ஒரு மாசமா. நான் சோறு கொண்டாந்து குடுத்துட்டுப் போவேன், இல்லீங்காட்டி என்ன பண்ணுவேன்? அன்னிக்கு நீ கட்டிக்கறேன்னு நின்ன அந்த மில்லுக்காரப் பையன் ரோட்டுல நிக்கறான்னு ஆரோ சொல்லிப் போட்டாங்க. அவரு அருவாளை எடுத்துட்டு வந்தாரு. நான் இட்டேரித் தடத்துல குறுக்க ஓடியாந்து தாப்பாளைப் போட்டுப் பூட்டிச் சாவிய மடியில செருகிட்டேன். அவரு உள்ள வரக்கூடாதுன்னுதான் பூட்டுனேன். சாவியக் குடுன்னு என்னை அடிச்சாரு. குடுக்குல. உசுரே போனாலும் குடுக்கறதில்லைன்னு இருந்தேன்."

காற்று.

"நீ தட்டுனே. தொற தொறன்னு தட்டறேன்னு நெனச்சேன். அவரு இங்கியே, வாசப்படியிலயே உக்கோந்திருந்தாரு. எப்படித் தொறப்பேன்? பொழுது சாஞ்சு அவரு எந்திரிச்சுப் போற வரைக்கும் நானும் அசையுல. புள்ளையக் காப்பாத்திப் போட்டேன்னு நெனச்சுட்டு உக்கோந்திருந்தேன். நீ மருந்தக் குடிச்சுப் போட்டுத் தண்ணிக்குத் தட்டறேன்னு எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? பருத்திக்கு அடிக்கற டப்பா உள்ளதான் இருக்குதுன்னு எனக்கு நெனப்பு வல்லியே."

என் பின்னால் பூபதி நின்றிருந்தான். பேட்டரி கிடைக்கவில்லையாம், பிறகு சொன்னான். காற்றில் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியாது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததால், எல்லாம் கேட்டிருப்பான் என்று நினைத்தேன்.

"யார் போட்டது?" என்றான், தாழ்ப்பாளைக் காட்டி.

"நான். அத்தை கேட்டாங்க."

தாழ்ப்பாளில் கை வைத்தான். திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது அவன் திறக்க வேண்டியது.

அப்போது உள்ளிருந்து தட்டும் சத்தம். கதவில், எங்கள் கைக்கு நேராக. பலமாக இல்லை. களைத்த கை.

திறந்தான்.

அத்தை எதிர்ச் சுவரோரம், திறப்புக்குப் பக்கத்தில், உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். காலை நீட்டியிருந்தார். எங்களைப் பார்த்து, "தொறந்துட்டீங்களா?" என்றார்.

காற்று கதவை அடித்திருக்கும். அவ்வளவு காற்று அன்று.

பூபதி மோட்டார் அறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அம்மாவைத் தாண்டிப்போய்த் திறப்பின் அடியில் வைத்தான். திரும்பிப்போய் இன்னொரு சொம்பு கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான். அவர் அண்ணாந்து குடித்தார். கழுத்தெல்லாம் வழிந்தது. குடித்து முடிக்கும்வரை எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் வேணுமாம்மா?"

"போதும் சாமி."


ஆகஸ்ட் 9

பூபதி பேசினான். என்னிடம். காலை முழுவதும். அவள் எப்படிச் சைக்கிள் ஓட்டுவாள், சிரித்தால் எந்தப் பக்கம் தலை சாய்ப்பாள். தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அழுதான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் சோறு குழைந்துவிட்டது.


ஆகஸ்ட் 12

பொங்கியண்ணன் வந்தார். ஊருக்குள் எப்படியோ தெரிந்திருக்கிறது. கரணையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "ஒரு மணி நேர வேலை தம்பி. அடைச்சுப் பூசித் தந்தர்றேன். வந்ததே தெரியாது."

"அடைக்கறதுக்கு இல்லீங்ணா. ஜன்னலாவே இருக்கட்டும்."

"அம்மிணி என்ன சொல்றீங்கொ?"

ஜூலையில் கேட்டிருந்தால் அவர் கையிலிருந்து கரணையைப் பிடுங்கி நானே அடைத்திருப்பேன்.

"காத்து நல்லா வருதுங்ணா" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டு போனார்.

அவர் போனதும் பூபதி திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். தாழ்ப்பாளின் ஆணிகளைக் கழற்றினான். ஒன்று துரு ஏறி வரவில்லை. உளி வைத்து அடித்தான். எல்லாவற்றையும் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வண்டியில் போனான். எங்கே போட்டான் என்று கேட்கவில்லை. இங்கிருந்து வெளியே போன முதல் பொருள் அது.


ஆகஸ்ட் 20

பால் காய்ச்சினோம். அத்தை வந்தார். மத்தியானம் வரை இருந்தார், கால் வலியைப் பற்றிப் பேசவில்லை. தோழிக்குப் போன் செய்து, வரவில்லை என்றேன்.

விசிறி இல்லை. குளிர்ச்சியாக இருக்கிறது. தென்மேற்குச் சுவர் இன்னும் காயவில்லை.


ஆகஸ்ட் 24

தாழ்ப்பாள் இல்லாத கதவு ஒரு நிலையில் நிற்பதில்லை. காற்றில் திறக்கிறது, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறது, பிறகு மூடிக்கொள்கிறது. படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் விழித்திருப்பது அவனுக்குத் தெரியும், அவன் விழித்திருப்பது எனக்குத் தெரியும். ஒரு கல்லை முட்டுக்கொடுத்தால் போதும்.

இருவரும் எழுந்திருப்பதில்லை.